ஒரே உடுப்பில் மூன்று பூச்சி

மாரி மழை விட்டு இரண்டு மூன்று கிழமை போனதும் திருக்கோணமலை மாவட்டத்து நிலாவெளிக் கடற்கரைக்குப் பின்னால் உள்ள மணல் ஒழுங்கைகளில் கிலுகிலுப்பை பூக்கத் தொடங்கும். கடலுக்குக் கிட்டிய மணலை அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் பிடித்துக்கொள்ளும். அவற்றுக்குப் பின்னால், வேலி ஓரங்களிலும் உரியவர் வந்து பார்க்காத காணிகளிலும் மஞ்சள் பூவோடு இடுப்பளவுக்கு நிற்கும் செடி இது. காய் முற்றிக் காய்ந்தால் உள்ளே விதை கழன்று கிலுகிலுக்கும். சின்ன வயதில் அதைக் காதருகே ஆட்டிப் பார்க்காமல் பள்ளிக்கூடம் போன பிள்ளை எங்கள் பக்கத்தில் குறைவு.

அந்தச் செடிகளுக்குள் கால் வைத்தால் வெள்ளையாக ஒன்று கிளம்பும். உயரப் போகாது. பத்தடி தள்ளி மறுபடி புல்லுக்குள் விழுந்துவிடும். விழுந்த இடத்தில் கண்ணை வைத்தபடியே நடந்து போய்ப் பார்த்தால் அங்கே பூச்சி இராது. புல் தண்டோடு ஒட்டிய ஒரு சுள்ளிதான் இருக்கும். குனிந்து முகத்தைக் கிட்டக் கொண்டு போனால் அந்தச் சுள்ளியில் வரிசை வரிசையாகக் குங்குமப் பொட்டும், பொட்டுக்கு இடையில் கறுப்புப் புள்ளியும் தெரியும். சிறகு இரண்டையும் உடம்பைச் சுற்றிப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி வைத்திருக்கும். விரித்தால் மூன்று நான்கு சென்ரிமீற்றர் வரும். முன்சிறகு பால்வெள்ளை, பின்சிறகும் வெள்ளைதான். அதன் ஓரத்தில் மட்டும் மை சிந்தியது போலக் கறுப்பு, நேரில்லாமல் வளைந்து ஓடும்.

பகலில் பறப்பதாலும் பார்க்க வடிவாக இருப்பதாலும் பலர் இதை வண்ணத்துப்பூச்சி என்றுதான் நினைக்கிறார்கள். உண்மையில் இது அந்துப்பூச்சி. போன வருடம் எடுத்த படம் ஒன்றைக் கைபேசிச் செயலி ஒன்றுக்குக் கொடுத்துப் பார்த்தேன். கண் மூடித் திறப்பதற்குள் ‘யூட்டெதீசா புல்கெல்லா’ என்று பதில் வந்தது. துளியும் தயக்கமில்லை. ஆனால் இந்தப் பூச்சி விசயத்தில் தயங்காமல் வரும் எந்தப் பதிலையும் நான் நம்புவதில்லை. கிட்டத்தட்ட 180 வருடம் உலகம் முழுவதும் படித்தவர்கள் அதே தயக்கமில்லாத பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது மூன்று வேறு வேறு இனங்களைச் சுட்டிய ஒரே பெயர்.

முதலாவது புல்கெல்லா. இரண்டாவது, எங்கள் கிலுகிலுப்பையோடு கூடுதலாகச் சேர்த்துப் பேசப்படும் லோட்ரிக்ஸ். மூன்றாவதின் பெயரைச் சொல்லவே நாக்குக் கஷ்டப்படும்: புல்கெல்லொய்டெஸ். ‘புல்கெல்லா மாதிரியானது’ என்பதே அந்தப் பெயரின் பொருள். பெயர் வைத்தவருக்கே வேறு அடையாளம் சொல்லக் கிடைக்கவில்லை போலிருக்கிறது. மூன்றும் யூட்டெதீசா என்ற ஒரே சாதி. இலங்கைப் பாடப்புத்தகத்தில் உயிரினப் பாகுபாட்டைப் படித்தவர்களுக்கு இந்தச் சொல் பழகியது: வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று ஒப்புவித்துத்தானே பரீட்சை எழுதினோம். தமிழகத்தில் பேரினம் என்பார்கள். வருணத்தையும் சாதியையும் பூச்சிகளின் தலையில் கட்டிவிட்டது யாரோ, அவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததா என்று தெரியவில்லை.

பெயர் எப்படிக் குழம்பியது என்று பார்க்க 1758-க்குப் போகவேண்டும். உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய சுவீடன்காரர் லின்னேயஸ் தன் ‘சிஸ்டமா நட்டுரே’ நூலின் பத்தாம் பதிப்பில் செதிற்சிறகுள்ள பூச்சிகள் எல்லாவற்றையும் மூன்று பெரிய பெட்டிகளில் அடைத்தார். பகலில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கு ஒன்று, பருத்த உடம்புள்ள பருந்து அந்துகளுக்கு ஒன்று, மிச்சம் எல்லாவற்றுக்கும் ஒன்று. அந்த மூன்றாவது பெட்டிக்குள்ளே பல சிறு அறைகள். அவற்றில் ஒன்றுக்கு டினியா என்று பெயர். துணியை அரிக்கும் சின்ன அந்துகளின் அறை. அந்த அறைக்கு அவர் எழுதிய இலக்கணம், ஓய்வில் இருக்கும்போது சிறகை ஏறக்குறைய உருளை போலச் சுருட்டி வைத்திருப்பது. நிலாவெளிப் புல்லில் சுள்ளியாக மாறி எங்களை ஏமாற்றும் அந்த இருப்புதான் இதைத் துணி அரிக்கும் பூச்சியோடு கொண்டுபோய்ச் சேர்த்தது.

பெயரும் அந்த அறையின் முறைப்படியே வந்தது. டினியா அறைக்குள் இருப்பவற்றுக்கு எல்லாம் ‘எல்லா’ என்று முடியும் பெயர் கொடுப்பது லின்னேயசின் பழக்கம். புல்கெல்லா என்றால் இலத்தீனில் ‘அழகுச் சின்னவள்’. அலுமாரிக்குள் சேலையை ஓட்டை போடும் பூச்சிக்கும் இதற்கும் ஒரு சொந்தமும் இல்லை என்பது பின்னால் தெளிந்துவிட்டது. ஆனால் அறை மாறினாலும் வைத்த பெயர் மாறாது. விலங்குகளின் பெயர் விதிகளில் முந்திய பெயருக்கே உரிமை. சாதி மாறினால் ஒரேயொரு தடயம் மட்டும் விடுவார்கள்: பெயர் வைத்தவரை அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதுவார்கள். எந்த நூலிலும் பூச்சியின் பெயருக்குப் பின்னால் லின்னேயஸ் அடைப்புக்குறிக்குள் நின்றால், ‘இவர் வைத்த இடத்தில் இப்போது இது இல்லை’ என்று வாசிக்க வேண்டும்.

அடுத்து வந்தவர் பீட்டர் கிராமர், ஆம்ஸ்டர்டாமில் கம்பளி வியாபாரி. ஆசியா, ஆபிரிக்கா, அமெரிக்கா மூன்றிலிருந்தும் ஒல்லாந்துக் கப்பல்களில் வந்து சேர்ந்த பூச்சிகளை வண்ணப் படங்களோடு அச்சிடத் தொடங்கினார். முதல் பகுதிகள் 1775-இல் வந்தன. கிராமர் 1776-இல் இறந்துபோனார். காஸ்பர் ஸ்டோல் என்பவர் வேலையைத் தொடர்ந்து 1782-இல் முடித்தார். லோட்ரிக்ஸ் என்ற பெயர் அந்த நூலில் வருவது. பெயர் வைத்தவராகக் கிராமரே நிற்கிறார். அச்சான வருடத்தை 1777 என்று போடுபவர்களும் உண்டு, 1779 என்று போடுபவர்களும் உண்டு. எதை எடுத்தாலும் அது அவர் கண் மூடிய பிறகுதான். அந்த 1782 திருக்கோணமலைக்காரருக்கு வேறு காரணத்தால் நினைவிருக்கும் வருடம். தை மாதம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள். ஆவணிக்குள் பிரெஞ்சுக் கடற்படை வந்து ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தது. துறைமுகம் ஒரே வருடத்தில் இரண்டு முறை கை மாறியபோது ஆம்ஸ்டர்டாமில் பூச்சிப் புத்தகம் சத்தமில்லாமல் முடிந்துகொண்டிருந்தது.

லோட்ரிக்ஸ் என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க ஆசை. இலத்தீனில் அதன் பொருள், துணி வெளுப்பவள். வண்ணாத்தி. இதற்கு அமெரிக்காவில் ஒரு சகோதர இனம் உண்டு. அதற்கு லின்னேயஸ் ஒர்னாட்ரிக்ஸ், அதாவது அலங்காரம் செய்துவிடுபவள், என்று முன்னமே பெயர் வைத்திருந்தார். சீமாட்டியின் வீட்டில் அலங்காரக்காரி ஒருத்தி இருந்தால் சலவைக்காரியும் வேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. எங்கள் ஊர்ப் பேச்சில் செதிற்சிறகுப் பூச்சிகளுக்குப் பழைய பெயர் என்ன? வண்ணாத்திப்பூச்சி. பாடப்புத்தகம் வண்ணத்துப்பூச்சி என்று திருத்திய பிறகும் என் பெத்தம்மா கடைசி வரை வண்ணாத்திப்பூச்சி என்றுதான் சொன்னார். அந்தச் சொல்லில் ஒரு தொழிலும் அத்தொழிலைச் செய்தவர்களை ஊர் வைத்திருந்த இடமும் ஒட்டியிருப்பதால் இன்று அதைச் சொல்லக் கூசுகிறவர்கள் உண்டு. அந்தக் கூச்சம் நியாயமானதே. ஆனாலும் ஆம்ஸ்டர்டாமும் நிலாவெளியும் ஒன்றையொன்று கேளாமலே ஒரே பெயரில் போய் முட்டிக்கொண்டது எனக்கு இன்னும் வியப்பு.

ஆக 18-ஆம் நூற்றாண்டு முடியும்போது புல்கெல்லா, லோட்ரிக்ஸ் என்று இரண்டு பெயர் கையில் இருந்தது. அடுத்த நூற்றாண்டு அந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. காரணம் சோம்பல் அல்ல. பெட்டி பெட்டியாகப் பூச்சிகள் வந்து சேரச் சேர, ஒரே ஊரில் பிடித்தவற்றுக்குள்ளேயே பொட்டுகள் கூடிக் குறைந்திருந்தன; சிலவற்றில் சிவப்பு அழுத்தம், சிலவற்றில் வெளிறல். பின்சிறகின் கறுப்பு ஓரம் சிலவற்றில் அகலம், சிலவற்றில் வெறும் கோடு. இப்படி மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றில் எங்கே கோடு கிழிப்பது? ‘எல்லாம் புல்கெல்லாதான், கொஞ்சம் வேறுபடும்’ என்பதே நேர்மையான முடிவாகத் தெரிந்தது. லோட்ரிக்ஸ் மறுபெயர்ப் பட்டியலுக்குள் இறங்கியது. மறுபெயராகிவிட்ட பெயர் சாவதில்லை. யாராவது தோண்டும் வரை கிடக்கும்.

சாதிப்பெயரும் இடையில் அலைந்தது. ஜெர்மன் பூச்சியியலாளர் ஹூப்னர் 1819-இல் யூட்டெதீசா என்று வைத்திருந்தும் 19-ஆம் நூற்றாண்டு நூல்கள் பலவற்றில் டியோபியா என்ற பெயரே ஓடியது. குடும்பம் ஆர்க்டீடே, அதாவது புலி அந்துகள். 2010-க்குப் பிறகு மரபணு ஆய்வுகள் அந்தக் குடும்பத்தையே கலைத்து, ஈரெபீடே என்ற மிகப் பெரிய குடும்பத்துக்குள் ஓர் உபகுடும்பமாக வைத்துவிட்டன. பழைய நூலில் ஆர்க்டீடே என்றும் புதியதில் ஈரெபீடே என்றும் கண்டால் குழம்ப வேண்டாம். பூச்சி அதே பூச்சிதான், வீட்டு இலக்கம் மாறியிருக்கிறது.

இலங்கைக்கு என்று வந்த பெரிய நூல் பிரெடெரிக் மூர் எழுதியது. 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. படங்களுக்கு மூலம் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் தவைட்ஸ் மேற்பார்வையில் டி அல்விஸ் குடும்பத்து ஓவியர்கள் வரைந்தவை. கைலென்சு வைத்துப் பார்த்தாலும் அலுக்காத கைவேலை. அதற்குப் பின்னால் ஹாம்சன், நீலகிரியில் தேயிலைத் தோட்டம் பார்த்தவர், 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளில் பிரித்தானிய இந்தியாவின் அந்துப்பூச்சிகளை எழுதினார். இலங்கையும் அதற்குள் அடக்கம். இன்றைக்கும் இந்தப் பக்கத்து அந்து ஒன்றின் பெயர் தேடுகிறவர் முதலில் புரட்டுவது இவர்களைத்தான். இருவருக்கும் முன்னால் இருந்த அளவுகோல் சிறகு, நரம்பு, உணர்கொம்பு, கால். வயிற்றுக்குள் இருப்பதைப் பார்க்கும் வழக்கம் அந்துகளில் இன்னும் பரவவில்லை. பிறகு 1907-இல் ஹாம்சனே புல்கெல்லொய்டெஸ் என்ற புதுப் பெயரை வைத்தார் என்பதிலிருந்து அவருக்கும் உள்ளூர ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

முடிச்சை அவிழ்த்தவர் கார்ல் ஜோர்டன். ஜெர்மனியில் பிறந்து, இங்கிலாந்தில் ட்ரிங் என்ற சிற்றூரில் வால்ட்டர் ரொத்சைல்டின் அருங்காட்சியகத்தில் வாழ்நாளைக் கழித்தவர். வண்டுகளிலும் தெள்ளுகளிலும் பெரிய ஆள். 1939-இல், 77 வயதில், பழைய உலகத்து யூட்டெதீசா இனங்களின் வேறுபாடுகளில் எவை நிலையானவை, எவை மாறுபவை என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே முழு விசயமும் இருந்தது. பொட்டு மாறும், நிறம் மாறும், ஓரக் கறுப்பு மாறும். ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம் மாறாது.

அதை எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பூச்சியின் வகைப்பாடு முழுவதும் ஒரு கடுகளவு இடத்தில் நிற்கிறது. காய்ந்த பூச்சியின் வயிற்றை மட்டும் மெதுவாக முறித்தெடுத்து, 10 வீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் போட்டுச் சூடாக்குவார்கள். தசையும் கொழுப்பும் கரைந்து போகும். கரையாமல் மிஞ்சுவது கெட்டியான புறவன்கூடு மட்டும். அதைத் தண்ணீரில் கழுவி, நுணுக்குக்காட்டியின் கீழ் ஒற்றை மயிர்த் தூரிகையால் செதிலைத் துடைத்தால் வயிற்று நுனிக்குள் மடிந்து கிடக்கும் கருவி வெளியே வரும். இரண்டு பக்கமும் பெண்ணைப் பிடித்துக்கொள்ளும் பற்றுகள், மேலே வளைந்த கொக்கி, நடுவில் குழல். செய்த வேலையைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, பூச்சியின் ஊசியில் உள்ள இலக்கத்தையே அதற்கும் போட வேண்டும். இலக்கம் தவறினால் எல்லாம் வீண். ஒரு பூச்சிக்குக் குறைந்தது அரை நாள் போகும். கை நடுங்கினால் அந்தப் பூச்சி போயிற்று.

இப்படிப் பார்த்த ஜோர்டனுக்கு, ஒரே உடுப்பைப் போட்டிருந்த கூட்டம் தெளிவாகப் பிரிந்தது. லோட்ரிக்ஸ் மறுபெயர்ப் பட்டியலிலிருந்து எழுந்து தன் பெயரை மீட்டுக்கொண்டது. புல்கெல்லொய்டெஸ் தனி இனம் என்பது உறுதியானது.

அன்றோடு உலகப்படமும் கிழிந்தது. அதுவரை புல்கெல்லா என்றால் ஆபிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை எங்கும் இருக்கும் பூச்சி. பிரித்த பிறகு புல்கெல்லாவுக்கு மிஞ்சியது ஆபிரிக்கா, தென் ஐரோப்பா, மேற்காசியா, அங்கிருந்து இந்தியப் பக்கம். சில வருடங்களில் தெற்கிலிருந்து காற்றோடு கிளம்பி இங்கிலாந்து வரை போகும்; அங்கே அதைக் கண்டால் பூச்சி ஆர்வலர்களுக்குத் திருவிழா. லோட்ரிக்சின் பரப்பு தென்னாசியாவிலிருந்து கிழக்கே தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியா. நியூசிலாந்துக்கும் அவ்வப்போது போய்ச் சேரும். புல்கெல்லொய்டெஸ் கரைகளையும் தீவுகளையும் பிடித்த இனம்: சீசெல்ஸ், கொக்கோஸ் தீவுகள், போர்னியோ, நியூகினி, ஆஸ்திரேலியா. ஆஸ்திரேலியாவில் அதுவரை புல்கெல்லா என்று எழுதி வைத்தவை மற்ற இரண்டில் ஒன்றாகப் போயின. மேற்கத்தி, கிழக்கத்தி, கடலோரத்தி மூன்றின் பரப்பும் வந்து ஒன்றையொன்று உரசும் இடம் தென்னிந்தியாவும் இலங்கையும். எங்கள் தலையெழுத்து அது. இங்கிலாந்தில் ஒன்று பறந்தால் ஐயமின்றிப் புல்கெல்லா எனலாம். நிலாவெளியில் பறப்பதை அப்படிச் சொல்ல முடியாது.

ஒரு பூச்சியின் பரம்பல் என்பதைப் பலர் படத்தில் நிறம் தீட்டுவது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது ஊசியில் குத்திய சின்னக் கடதாசித் துண்டுகளின் கூட்டுத்தொகை. எங்கே, எப்போது, யார் பிடித்தது என்ற மூன்று வரி. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இராணுவ வைத்தியர் ரொபர்ட் டெம்பிள்டன் போன்றவர்கள் லண்டனுக்கு அனுப்பிய பூச்சிகள் பலவற்றில் ‘சிலோன்’ என்ற ஒற்றைச் சொல்தான் ஊர். நுவரெலியாவும் சிலோன், குச்சவெளியும் சிலோன். ஈரவலயக் காடா, வறண்ட கடற்கரையா என்று கேட்டால் கடதாசி வாய் திறக்காது.

திருக்கோணமலையின் பெயர் கடதாசியில் ஏறியதற்கு முக்கிய காரணம் ஒரு பீரங்கிப்படை அதிகாரி. ஜோன் வில்லியம் யெர்பரி. துறைமுகக் காவலுக்கு வந்த படையில் இருந்தவர், 1890-ஐ ஒட்டிய வருடங்களில் இங்கே ஈ, குளவி என்று பிடித்துத் தள்ளினார். பிரித்தானிய இந்தியாவின் குளவிகள், தேனீக்கள் பற்றிப் பிங்காம் எழுதிய 1897 தொகுதியில் ஊர்ப்பெயர்களுக்கு நடுவே ‘ட்ரிங்கோமலி’ என்று வந்து, பக்கத்தில் யெர்பரி பெயர் நிற்பதைக் காணலாம். அவருக்கு அந்துகளும் அந்நியமில்லை. அதற்கு முன் ஏடனில் இருந்தபோது அவர் சேர்த்த வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிகளைப் பட்லர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். எங்கள் ஊரின் பூச்சி வரலாற்றில் பாதி, ஓய்வு நேரத்தில் வலை பிடித்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் கையெழுத்து என்பது இனிப்பான செய்தி இல்லை. ஆனாலும் அவர் ஊரையாவது எழுதி வைத்தார்.

அடுத்த பெரிய அலை 1970-கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் கார்ல் குரொம்பைன் தலைமையில் இலங்கை முழுவதும் பூச்சி சேர்த்தது. அந்தச் சேகரிப்பில் திரும்பத் திரும்ப வரும் ஓர் ஊர், திருக்கோணமலையின் சீனக்குடா. ‘ரிட்ஜ் பங்களா’ என்று இடத்தையும் கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி என்பதையும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். யெர்பரியின் ஒற்றை ஊர்ப்பெயருக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். 80 வருடத்தில் கடதாசித் துண்டு பேசப் பழகியிருக்கிறது.

ஆனால் ஊர் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், இந்தக் கூட்டத்தில் 1939-க்கு முன் எழுதிய இனப்பெயரை அப்படியே எடுத்துப் படத்தில் புள்ளி வைக்க முடியாது. பூச்சி இன்னும் பெட்டியில் இருந்தால், ஆணாகவும் இருந்தால், வயிற்றைத் திறந்து பார்க்கலாம். நூலில் எழுத்து மட்டும் இருந்தால் அது ‘இங்கே ஏதோ ஒரு யூட்டெதீசா இருந்தது’ என்பதற்கு மட்டுமே சாட்சி. அதனால்தான் வகைப்பாடு வேறு, பரம்பல் வேறு என்று இரண்டு தலைப்பாகப் பிரித்து எழுதும் நூல்களோடு எனக்குப் பிணக்கு. இந்தப் பூச்சிக்கு முதலாவது முடியாமல் இரண்டாவது தொடங்கவே தொடங்காது.

சிறகு கைவிட்ட இடத்தில் செடி கொஞ்சம் கை கொடுக்கும். லோட்ரிக்சின் மயிர்க்கொட்டி கிலுகிலுப்பையை விரும்பித் தின்னும். இலையைக் கடித்துவிட்டுக் காய்க்குள் துளைத்துப் போய் விதையைத் தின்னும். புல்கெல்லொய்டெஸ் தேள்கொடுக்குக் குடும்பத்துச் செடிகளை நாடும், முக்கியமாக இந்து சமுத்திரத் தீவுகளின் மணற்கரைகளில் வெள்ளி இலையோடு நிற்கும் ஒரு சிறு மரத்தை. அதன் விதை கடலில் மிதந்து போய் முளைக்கக்கூடியது. மரம் தீவு தீவாகத் தாவிய வழியே பூச்சியும் தாவியிருக்கிறது. ஆனால் செடியைக் கண்டவுடன் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. லோட்ரிக்சும் தேள்கொடுக்கைத் தின்னும், புல்கெல்லா இரண்டு பக்கமும் வாய் வைக்கும்.

ஏன் இந்த இரண்டு வகைச் செடியும்? ஒன்று அவரைக் குடும்பம், மற்றது வேறெங்கோ. இரண்டுக்கும் பொது, பைரோலிசிடின் அல்கலோயிட் என்ற நஞ்சு. மாடு கிலுகிலுப்பையைக் கூடுதலாகத் தின்றால் ஈரல் கெடுவது இதனால்தான். மயிர்க்கொட்டி அந்த நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அமெரிக்க ஒர்னாட்ரிக்சை வைத்து கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஐஸ்னரும் அவரோடு இருந்தவர்களும் பல வருடம் இதை ஆராய்ந்தார்கள். வலையில் விழுந்த பூச்சியைச் சிலந்தி வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, சுற்றியிருக்கும் நூலைத் தானே வெட்டி விட்டுவிடும். ஆண், கூடும்போது தன் நஞ்சில் ஒரு பங்கைப் பெண்ணுக்குக் கொடுக்கும். பெண் அதை முட்டைக்குள் வைக்கும். முட்டையும் கசக்கும். சிவப்புப் பொட்டும் பகல் பறப்பும் இப்போது விளங்கும்: ஒளிக்க வேண்டிய தேவை இல்லாதவர் ஏன் இரவுக்குக் காத்திருக்க வேண்டும்? மூன்று இனமும் ஒரே உடுப்பில் இருப்பதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கலாம் என்பது என் எண்ணம். ‘கசப்பன்’ என்ற பலகை எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி இருந்தால் பறவைக்கு ஒரு முறை படித்தால் போதும்.

இந்த நஞ்சுக்கு வேறு வாடிக்கையாளரும் உண்டு. பிடுங்கிப் போட்டு வாடிய கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்கிலும் நீலப் புலி வண்ணத்துப்பூச்சிகள் கொத்தாகத் தொங்கி, தண்டைச் சுரண்டி உறிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். பூவில் தேன் இருக்க வாடின செடியில் என்ன வேலை என்று நான் நீண்ட நாள் யோசித்திருக்கிறேன். அவையும் அதே அல்கலோயிட்டுக்குத்தான் வருகின்றன.

கமக்காரருக்கு இந்தப் பூச்சி தெரிந்தது சணல் வழியாக. சணலும் கிலுகிலுப்பையின் சாதி. வடக்கில் பசளைக்காக விதைத்து, மஞ்சளாகப் பூத்து நிற்கும்போது றோட்டில் போகிறவர்கள் வாகனத்தை நிறுத்திப் படமெடுக்கும் அந்த வயல்கள்தான். பசளைக்கு உழுது மடக்கும் சணலில் மயிர்க்கொட்டி கொஞ்சம் தின்றால் யாரும் கவலைப்படுவதில்லை. விதைக்கு விட்ட சணலில் காயைத் துளைத்தால்தான் ஏச்சு விழும். இந்திய விவசாய நூல்களிலும் சணலின் பீடையாகப் புல்கெல்லா என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். அவர்கள் வயிற்றைத் திறந்து பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றும். கேட்டால் மரியாதையாக இராது.

எங்கள் மாவட்டத்தில் பருவமும் சேர்ந்து விளையாடும். ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை வாடைக்காற்றோடு மழை. அதற்குப் பின் முளைத்த செடிகள் தையிலும் மாசியிலும் பூத்துக் காய்க்கும்; நான் பூச்சியைக் கூடுதலாகக் கண்டதும் அப்போதுதான். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று அனலை அள்ளிக்கொண்டு வீசத் தொடங்கினால் நிலாவெளி மணலில் கிலுகிலுப்பை காய்ந்து வெறும் சத்தமாக நிற்கும். அப்போது தம்பலகாமம் பக்கம், வயல் வரம்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் பச்சை மிஞ்சிய இடங்களில் தேட வேண்டும். கரையில் பறப்பதும் வயலில் பறப்பதும் ஒரே இனமா? இந்தக் கேள்விக்காகவே இரண்டு இடத்திலும் ஆண் பூச்சி வேண்டும். சிறகை முழுதாகக் காட்டும் படம் எத்தனை எடுத்தாலும் அது இதற்கு உதவாது. மரபணுப் பட்டைக்குறி என்று ஒரு வழி இருக்கிறது: 658 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் படித்து ஒப்பிடுவது. ஒரு கால் போதும், பூச்சியைச் சிதைக்க வேண்டாம். ஆனால் ஒப்பிட வைத்திருக்கும் பட்டியலில் யாராவது புல்கெல்லா என்று தவறாக எழுதிய பூச்சி இருந்தால் இயந்திரமும் அதே தவறைச் சொல்லும்.

போன மாசியில் இறக்கக்கண்டியில் மாமாவின் வெங்காயப் பாத்தி ஓரம் நின்ற கிலுகிலுப்பையில் ஒரு பச்சைக் காய், பக்கவாட்டில் குண்டூசித் தலையளவு ஓட்டை. ஓட்டைக்குக் கீழே இலையில் மாவு போல எச்சம். காயைப் பிளக்கப் போனேன். “உதுக்குள்ள மயிர்க்கொட்டி இருக்கும், கையில பட்டால் கடிக்கும் தம்பி, விடு” என்றார் மாமா. உள்ளே இருந்தது கறுப்பு உடம்பில் செம்மஞ்சள் பொட்டும் உடைந்த வெள்ளைக் கோடுமாக ஒரு விரல் அகல நீளத்தில் ஒரு புழு. விதை நான்கில் வெறும் தோல் மட்டும். காயோடு ஜாம் போத்தலில் போட்டு, வாய்க்குத் துணி கட்டி வைத்தேன். இரண்டு நாள் தின்றது. பிறகு மூலையில் இலைச் சருகைக் கூட்டி, மெல்லிய நூலுக்குள் கூட்டுப்புழுவானது. ஒன்பதாம் நாள் காலை போத்தல் சுவரில் சிறகு ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆணா பெண்ணா என்று தெரிய வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. பின்சிறகின் அடியில் ஒரு முள்மயிர் இருக்கும். முன்சிறகோடு கொளுவிப் பறப்பதற்கானது. ஆணுக்கு அது ஒற்றையாக, தடிப்பாக இருக்கும். பெண்ணுக்கு இரண்டு மூன்றாகப் பிரிந்திருக்கும். சிறகு காயும் வரை பொறுத்து, கைலென்சை வைத்துப் பார்த்தேன். மூன்று மயிர்.

போத்தலின் துணியை அவிழ்த்து அதே செடியடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் விளிம்பில் இருந்துவிட்டுக் கிளம்பி, வெங்காயப் பாத்தியைத் தாண்டி, அடுத்த கிலுகிலுப்பையில் விழுந்து சுள்ளியானது. காய்ந்த காயின் தோலைக் குப்பியில் போட்டுக் கடதாசித் துண்டு எழுதினேன்: இறக்கக்கண்டி, வெங்காயத் தோட்ட ஓரம், கிலுகிலுப்பைக் காய்க்குள், பெண், மாசி. இனப்பெயருக்கான வரியில் யூட்டெதீசா என்று மட்டும் எழுதி, மிச்சத்தை வெறுமையாக விட்டேன்.